வெள்ளைப் பன்றிக்குப் பூசிய மஞ்சள்

2017 ஓகஸ்டில் எங்கள் மகள் விவசாயம் பழகப் போனாள். என்ன விவசாயம் என்று கேட்டவர்களுக்கு என் மனைவி "மாடு" என்றாள். முதல் வருடத்துக்கு அது உண்மை. சுவிஸில் இந்தத் தொழிற்பயிற்சி மூன்று வருடம். பிள்ளைகள் பெரும்பாலும் வருடத்துக்கொரு பண்ணையாக மாறுவார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் புது ஒப்பந்தம் எழுதுவார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகவில்லையென்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் நான் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டேன். பசு என்றால் எங்கள் ஆட்களிடம் சொல்லலாம். கோயிலிலும் சொல்லலாம்.

2018இல் வந்த இரண்டாவது ஒப்பந்தத்தில் 'கலப்புப் பண்ணை' என்று இருந்தது. நான் அதிலும் மாட்டைத்தான் வாசித்தேன். போய்ப் பார்த்தபோது மாடுகள் ஒரு கொட்டிலின் மூலையில் நின்றன. மிச்சமெல்லாம் பன்றி.

லுட்சேர்ன் பக்கத்துப் பச்சை மேடு ஒன்றில் இருந்தது அந்தப் பண்ணை. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் செர்ரி மரங்களும் ஒரு தேவாலயக் கோபுரமும் நாட்காட்டிப் படம் போலத் தெரியும். கார்க் கண்ணாடியை இறக்கினால் அமோனியா. அதைச் சாண நாற்றம் என்று சொல்ல முடியாது. சாணத்தில் புல் இருக்கிறது. இது சூடான, இனிப்பான, மனிதனுக்கு மிகக் கிட்டிய நாற்றம். பூட்டிய வீட்டில் யாரோ பல நாள் நோயாகக் கிடந்தது போன்றது. மூக்கில் இறங்கியதும் தொண்டையில் ஒரு கொழுப்புப் படை படிந்ததாக உணர்ந்தேன். அன்று திரும்பி வரும்போது வழியில் நிறுத்திக் கோப்பி குடித்தேன். கோப்பியிலும் அது இருந்தது.

பண்ணைக்காரர் ஐம்பதைத் தாண்டிய, பெரிய கைகள் கொண்ட, குறைவாகப் பேசும் மனிதர். வீட்டு வாசலில் சப்பாத்துகளைக் கழற்றுமிடத்தில் ஒரு சின்னக் குளிர்பெட்டி இருந்தது. எங்களுக்குக் குடிக்க ஏதும் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் திறந்து, கடாப் பன்றியின் விந்து நிரப்பிய மென்மையான குழாய்களை எடுத்துக் காட்டினார். எந்தக் கடாவின் விந்து, அது எங்கே என்ன பரிசு வாங்கியது என்று பெருமையோடு விளக்கினார். பிறகு அதே கையால் என் மனைவிக்குக் கைகொடுத்தார். அவள் கொடுத்தாள். நான் சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதில் நேரமெடுத்துக்கொண்டேன்.

என் அருவருப்புக்கு இரண்டு வேர் உண்டு. 1989இல் இந்த நாட்டுக்கு வந்தபோது டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். சாப்பிட்டு முடித்த தட்டுகளில் பன்றிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். அதைக் கையால் வழித்துத்தான் வாளியில் போடவேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நான் சோறு மட்டும் சாப்பிட்டேன். மற்ற வேர் அதைவிடப் பழையது. எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சில வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். அந்த ஒழுங்கையால் போக நேர்ந்தால் எங்கள் வீட்டார் மறுகரையால் ஒதுங்கி நடப்பார்கள். பன்றிக்காக ஒதுங்கினார்களா, வளர்த்த மனிதருக்காக ஒதுங்கினார்களா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஷ்லீரனிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவாள். படியேறும்போதே நாற்றம் முந்திக்கொண்டு வந்துவிடும். அவளுடைய தலைமயிரிலும் நகக்கண்ணிலும் தொலைபேசியின் உறையிலும் அது இருந்தது. எங்கள் கட்டடத்தில் சலவை அறை எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் கழுவுவதற்கு ஒரு நாள். எங்களுக்கு அடுத்த நாள் கழுவும் மூன்றாம் மாடிப் பெண்மணி, தன் படுக்கை விரிப்புகள் கொட்டில் போல மணக்கின்றன என்று பராமரிப்பாளரிடம் முறையிட்டார். பராமரிப்பாளர் என்னிடம் வந்து, வீட்டில் ஏதும் மிருகம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். முப்பது வருடம் கறிவேப்பிலை மணத்துக்கே ஜன்னலைப் பூட்டிச் சமைத்தவர்கள் நாங்கள். எனக்கு உடம்பு கூசியது.

அதன் பிறகு சில ஒழுங்குகள் செய்தேன். அவளுக்குத் தனித் துவாய். கழற்றிய உடுப்புக்குக் கறுப்பு நைலோன் பை. சாப்பாட்டு மேசையில் அவள் இருக்கும் கதிரைக்குப் பிளாஸ்ரிக் உறை. ஒரு சனிக்கிழமை அவள் அந்த உறையில் இருந்தபடி அசைந்து அசைந்து அதைச் சத்தம் போடவைத்தாள்.

"நான் என்னப்பா, துடக்கோ?"

"கதிரைத் துணி கழட்டிக் கழுவ ஏலாது பிள்ளை. அதுக்குத்தான்."

"அப்ப தம்பி ஃபுட்போல் விளையாடிப்போட்டு வந்தும் அதிலைதானே இருக்கிறான்?"

மனைவி சிரித்தாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். எதற்கும் மூக்கைப் பொத்தமாட்டாள்.

பண்ணைக்காரர் வளர்த்தது எடெல்ஷ்வைன் என்ற பெரிய வெள்ளை இனம். தாய்ப்பன்றிகளாக மற்றப் பண்ணைகளுக்கு விற்பதற்காக வளர்த்தார். ஒவ்வொரு இளவேனிலிலும் பக்கத்துச் சந்தை ஊரில், இன்னும் குட்டி போடாத இளம் பெட்டைப் பன்றிகளுக்கு ஒரு போட்டி நடக்கும். பழகும் பிள்ளைகள்தான் அவற்றை வளையத்துக்குள் நடத்திக் காட்டுவார்கள். 2018 இலையுதிர்காலத்தில் அவர் ஒரு குட்டியைக் காட்டி, இதை நீ வளர்த்து நடத்து என்று மகளிடம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை.

போட்டிப் பன்றிக்குக் கொழுப்பு வைக்கக் கூடாதாம், ஆனால் பின்தொடை நிறைந்திருக்க வேண்டுமாம். முதுகு நேராக, கொஞ்சம் வில்லாக இருக்க வேண்டும். முலைக்காம்புகள் இரண்டு வரிசையிலும் சம தூரத்தில், ஒன்றும் உள்ளே புதையாமல் இருக்க வேண்டும். கால் நிமிர்ந்து, குதிக்குளம்பு தாழாமல் இருக்க வேண்டும். இதெல்லாவற்றையும் அவள் சோறு குழைத்துக்கொண்டே சொல்வாள். காம்புகளை மேசையில் விரலால் புள்ளி வைத்துக் காட்டுவாள். நான் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் பார்த்து வீடியோ வரும். இடது கையில் பலகை, வலது கையில் மெல்லிய கம்பு, முன்னால் அந்தப் பெரிய வெள்ளைப் பின்பக்கம் குலுங்கிக் குலுங்கிப் போகும். பலகையைப் பன்றியின் கண்ணுக்கருகே பிடித்தால் அது மறுபக்கம் திரும்புமாம். நான் அழித்துவிடுவேன். மனைவி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இல்லத்துக் கிழவிகளுக்குக் காட்டினாள். அவர்கள் பன்றியின் நலனை நாள் தவறாமல் விசாரித்தார்கள்.

2019 பெப்ரவரியில் மூன்றாம் வருடத்துப் பேச்சு வந்தது. அவளுக்குப் பன்றி இனவிருத்தியில்தான் முடிக்க விருப்பம். வேறு பண்ணைகளுக்கு எழுதிப் பார்த்தாள். சிலர் இடமில்லை என்றார்கள், சிலர் பதிலே போடவில்லை. ஒருவர் தொலைபேசியில், உன் பெற்றோருக்குச் சொந்தப் பண்ணை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மிச்சமிருந்தது இப்போதிருந்த பண்ணைக்காரர். அவரிடம் ஓரிடம்தான் இருந்தது. பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரின் மகனும் அதைக் கேட்டிருந்தான். இரண்டு பேரும் போட்டியில் பன்றி நடத்துகிறார்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் அவளுடைய படிப்பு நடுவில் நின்றுவிடும்.

எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் எடுத்துத் தர எனக்குத் தெரிந்த ஒருவர் சம்மதித்திருந்தார். கண்ணாடிக் கட்டடம், வெள்ளைச் சட்டை, கழுவினால் போகிற மணங்கள் மட்டும். நான் மகளிடம் நியாயமாகப் பேசினேன்.

"அந்தாள் உன்னை எடுத்தால் நான் கையெழுத்து வைக்கிறன். ஒரு கதையும் கதைக்கமாட்டன். எடுக்காட்டில் நான் சொல்லுற இடத்துக்குப் போகோணும்."

"சத்தியமா வைப்பீங்களோ?"

"ஓம்."

"அப்ப கை தாங்கோ."

நீட்டிய கையை முதலில் பார்த்தேன். பிறகுதான் பிடித்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

போட்டி ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன், போகப்போகிற பன்றிகளை எல்லாம் ஒரே அடைப்பில் விட்டிருக்கிறார்கள். பழக்கமில்லாத பன்றிகள் ஒன்றாக விடப்பட்டால் கடித்துக்கொள்ளும். மகளுடைய பன்றிக்குத் தோளிலும் விலாவிலும் பல் கீறிய காயங்கள். ஆழமில்லை, ஆனால் வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரிந்தன. காயத்துக்கு அங்கே வழக்கமாக அடிக்கும் மருந்து நீல நிறத்தில் இருக்கும், நாட்கணக்காகப் போகாது. அதை அடித்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. அவள் வியாழக்கிழமை தாய்க்கு அழைத்து அழுதாள். தாய் மறுபேச்சில்லாமல், "மஞ்சள் போடுவம், மங்கலாத்தான் தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நானும் மனைவியும் பண்ணைக்குப் போனோம். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு பையில், தயிர்ப் பெட்டியில் குழைத்த மஞ்சள் இன்னொரு பையில். பண்ணைக்காரர் ஊர்க்கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். கொட்டிலின் அரைக்கதவுக்கு வெளியே நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். மனைவி இரவல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு முன் அந்தப் பன்றியை நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஒரு மனிதனுக்கு இருக்கக்கூடிய இளஞ்சிவப்புத் தோல், அதன் மேல் உதிரியாக வெள்ளை முடி. கண்ணிமையில் வெள்ளை மயிர். அந்தக் கண் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, மேசைக்கு அப்பாலிருந்து யாரோ கணக்குப் பார்ப்பது போலிருந்தது. வாயோரம் நுரை. மூக்குத் தட்டு ஈரமாக, தனியான ஒரு பிராணி போல அசைந்து மனைவியின் காப்புகளை மோந்தது. காப்பில் நுரை இழுபட்டுத் தொங்கியது. அவள் "வாம்மா, வாம்மா, நோகாது" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கீறலிலும் மஞ்சளை அப்பினாள்.

"இஞ்சாரும், வெறுங்கையாலை தொடாதையும்," என்றேன்.

"நான் நாள் முழுக்கக் கழுவுறது மனிசற்றை ஊத்தை. இது எவ்வளவோ சுத்தம். நீங்கள் போய்க் காருக்கை இருங்கோ."

போய் இருந்தேன். பிட்டு பை பின்னிருக்கையில் மணந்தது. இரண்டு மணங்களும் ஒன்றாகக் கலந்தபோது கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன்.

மறுநாள் விடிய மகள் பன்றியைக் கழுவினாள். எப்போதும் போல மென்சவுக்காரம் போட்டு, தூரிகையால் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். குட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் சிவப்பு விளக்குகளின் வெளிச்சத்தில்தான் அந்தக் கொட்டிலில் எல்லாம் நடக்கும். அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் ஒரே நிறம். காயங்கள் ஆறிப் போயிருக்கின்றன என்று சந்தோஷப்பட்டு, இருட்டான இழுவைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டாள்.

நாங்கள் நேரே போட்டி மைதானத்துக்குப் போனோம். பன்றிப் பெட்டிகள் ஒரு பக்கம் வரிசையாக நின்றன, மறுபக்கம் பன்றி இறைச்சி வாட்டும் கடை. காற்று மாறும்போதெல்லாம் உயிரோடிருக்கும் பன்றியும் வெந்த பன்றியும் மாறி மாறி மணந்தன. ஒரு தகப்பன் கம்பிவேலியில் சாய்ந்து, இடது கையால் ஒரு பன்றியின் காதைச் சொறிந்துகொண்டு, வலது கையால் அதன் இனத்தைத் தின்றுகொண்டிருந்தான். கொழுப்பு அவன் மணிக்கட்டில் வழிந்தது. அவன் குழந்தை அதை நக்கியது. நான் வேறு பக்கம் திரும்பினேன். பார்க்க வேறு பக்கம் இருக்கவில்லை.

நுழைவாயிலில் மிருக வைத்தியர் ஒருவர் நின்று ஒவ்வொரு பன்றியாகச் சோதித்து உள்ளே விட்டார். இளம் பெண், பச்சை மேலங்கி. பண்ணைக்காரர் பெட்டிக் கதவை இறக்கினார். மகள் பலகையோடு முன்னால் வந்தாள். பின்னால் பன்றி வெயிலுக்குள் இறங்கியது.

அதன் தோளிலும் விலாவிலும் செங்கட்டி நிறத்தில் திட்டுகள் இருந்தன. தெளிவான விளிம்போடு, உள்ளங்கையளவில்.

வைத்தியர் கையை உயர்த்தி நிறுத்தினார். ரோட்லவுஃப் என்ற சொல்லை அவர் சொன்னதும் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது, மகள் பின்னர்தான் விளக்கினாள். பன்றிக்குக் காய்ச்சலோடு வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டுகள் எழும்பும் தொற்றுநோய், மனிதரின் கையிலும் தொற்றக்கூடியது. வைத்தியர் சொன்னது சுருக்கமானது. இந்தப் பன்றி உள்ளே போகாது. இதே பண்ணையிலிருந்து வந்த மற்றப் பன்றிகளும் போகா. இரத்தம் எடுத்து முடிவு வரும்வரை எல்லாம் பெட்டிக்குள்ளேயே திரும்ப வேண்டும்.

பண்ணைக்காரர் மகளைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. வருடம் முழுக்க இந்த ஒரு நாளுக்காக வேலை செய்தவரின் முகம் அது. மகளுக்கு நிறம் எப்படி வந்தது என்று விளங்கவில்லை. பன்றியின் கழுத்தில் கை வைத்தபடி, நேற்று இல்லை, நேற்று இல்லை என்று மட்டும் ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆட்கள் ஒதுங்கினார்கள். முதலில் பக்கத்துப் பெட்டிக்காரர் தன் பன்றியைப் பின்னே தள்ளினார். தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்தார்கள். அதே பயிற்சி இடத்தைக் கேட்டிருந்த பையனின் தகப்பன் சற்று முன்தான் என் மகளுக்குக் கைகொடுத்து வாழ்த்தியிருந்தார். இப்போது அவர் அந்தக் கையைக் காற்சட்டையில் மேலும் கீழுமாக இழுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரைக் கொட்டிலுக்குள் விடுகிறோம் என்று பார்த்து விடவேண்டும், தான் எப்போதும் சொல்வதுதான் என்றார். மகளைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள் அவளும் பன்றியும் மட்டும்.

என் மனைவி என் தோளைப் பிடித்தாள்.

"ஐயோ, இவள் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டாளப்பா."

எனக்கும் அந்தக் கணத்தில்தான் விளங்கியது. மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயமில்லை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருக்குள் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சாறியில் மஞ்சள் கறி ஊற்றினால் சவுக்காரம் போடாதே என்று பதறுகிறவர்கள். அதனால்தான் மனைவி அதைச் சொல்லவில்லை. இங்கே பிறந்து, மெஷினில் துணி போட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிய வழியில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மனைவி முன்னால் போய்த் தன் ஜெர்மனில் சொன்னாள். "நோயில்லை. மசாலா. நான் மசாலா போட்டேன்." வைத்தியர் குழம்பிப் பார்த்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். பன்றியைச் சமைக்கப் போகிறார்களாக்கும் என்று யாரோ சொன்னது கேட்டது. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளைவிட எனக்கு ஜெர்மன் வரும். வீட்டில் எல்லாக் கடிதத்தையும் நான்தான் வாசிப்பவன்.

நான் பேசாமல் நின்றிருந்தால் நான் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும். இரத்தப் பரிசோதனையில் உண்மை எப்படியும் தெரிந்திருக்கும், ஆனால் போட்டி முடிந்திருக்கும். இடம் அந்தப் பையனுக்குப் போயிருக்கும். இது என் நினைவில் வந்தது, வராமலில்லை. ஆனால் அந்த மனிதர் இன்னமும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பைப் பார்க்கையில் எனக்குப் பன்றிகளிடம் வந்ததைவிட மோசமான குமட்டல் வந்தது. எங்கள் ஊர் ஒழுங்கையில் மறுகரையால் நடந்தவர்களும் இப்படித்தான் ஒதுங்கினார்கள். கதிரைக்கு உறை போட்டவனும் நான்தான்.

நான் வட்டத்துக்குள் போனேன். மஞ்சள் என்ன, ஏன் பூசினோம், சவுக்காரம் அதை என்ன செய்யும் என்று வைத்தியரிடம் ஒழுங்காகச் சொன்னேன். பன்றி என் காற்சட்டையில் மூக்கை வைத்து உரசியது. ஈரம் துணிக்குள்ளால் முழங்காலில் பட்டது. நான் நகரவில்லை. வைத்தியர் கேட்டுவிட்டு, அப்படியானால் புளிப்புப் பட்டால் திரும்ப மாறவேண்டுமே என்றார். அவராகவே இறைச்சிக் கடைக்கு ஆளனுப்பி, சலாட்டுக்கு ஊற்றும் வினாகிரி எடுப்பித்தார். பஞ்சில் தோய்த்துத் தோள் திட்டில் துடைத்தார். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. பஞ்சை மோந்து பார்த்தார். பிறகும் விடவில்லை. பின்பக்கம் வெப்பமானியை வைத்துக் காய்ச்சலும் பார்த்தார். பன்றி வீரிட்டுக் கத்திப் பாயப் பார்த்தது. மகள் சேற்றில் முழங்காலிட்டு அதன் தாடைக்கடியில் தோளைக் கொடுத்து, காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது நின்றது. காய்ச்சல் இல்லை. உள்ளே விட்டார்.

மிச்சத் திட்டுகளையும் வினாகிரி போட்டுத் துடைத்ததில் பன்றி வெள்ளைமேல் மஞ்சள் புள்ளிகளும், சலாட் மணமுமாக வளையத்துக்குள் போனது.

போட்டியை நான் முழுவதும் பார்த்தேன். நடுவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் குனிந்து காம்புகளை எண்ணினார். மற்றவர் பின்தொடையைக் கையால் அமுக்கி, இடுப்பு அகலம் பிள்ளைப்பேற்றுக்குப் போதும் என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். நடையைப் பார்க்க இன்னொருமுறை நடத்தச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் சூரிச்சிலும் பேர்னிலும் பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இதே பார்வையை நான் கண்டிருக்கிறேன். தேத்தண்ணித் தட்டோடு வருகிற பிள்ளையின் நிறத்தையும் நடையையும் பார்த்துவிட்டு, வெளியே வந்து காருக்குள் அதைக் கதைப்பார்கள். இங்கே ஒலிவாங்கியில் கதைத்தார்கள், அவ்வளவுதான். மகளுடைய பன்றி வந்ததும் நடுவர், இது புதிய இனமோ, சிறுத்தைப் பன்றியோ என்று பகிடி விட்டார். கூட்டம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. பலகையை அதன் கண்ணருகே பிடித்து, நேராக நடத்தி, திரும்பி, நிறுத்தினாள். கால்கள் நல்லவை என்றும், தோலைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும் நடுவர் முடித்தார். முதல் மூன்று இடங்களில் ஒன்றும் அவளுக்கு இல்லை. பையனுடைய பன்றி இரண்டாவதாக வந்தது. முதற்பரிசுப் பன்றியின் கழுத்தில் மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது.

பிறகு பெட்டியடியில் பண்ணைக்காரர் எங்களிடம் வந்தார். வெளிநாட்டவருக்குப் பேசுவது போல மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். தன் மிருகத்தில் தனக்குத் தெரியாமல் இனி எவரும் எதையும் பூசக் கூடாது. தாய் என்றாலும் சரி. இன்று தன் பண்ணையின் பெயர் அந்த வாசலில் போகப் பார்த்தது. மகள் தலையைக் குனிந்து கேட்டாள். மனைவி மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையசைத்தார். இரண்டாம் இடம் வாங்கிய பன்றியை வளையத்துக்குள் கொண்டுபோக அந்தப் பையனுக்கு இரண்டு ஆட்கள் தள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதைக் கண்டேன் என்றார். வெப்பமானி வைக்கும்போது உன் பன்றி உன்னிடம் நின்றதையும் கண்டேன் என்றார். ஓகஸ்டில் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு எனக்குக் கை நீட்டினார்.

மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே மாதத்தில் கையெழுத்திடப் போனோம். சமையலறை மேசையில் ஒப்பந்தம் இருந்தது, பக்கத்தில் பண்ணைக்காரரின் மனைவி கொண்டுவந்து வைத்த மரத்தட்டில் புகை போட்ட பன்றி இறைச்சி மெல்லிய சீவல்களாக. எங்களுக்குப் பாணும் வெண்ணெயும் தனியாக வைத்திருந்தார், அந்தளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார்கள். கதைத்துக்கொண்டிருக்கையில் மகள் கையை நீட்டி ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது புழங்கியதில்லை. அவள் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். ஆனால் மறைக்கவில்லை, மென்று விழுங்கினாள்.

"இது எந்தப் பன்றி?" என்று தமிழில் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனென்று தெரியவில்லை.

"என்ரை பன்றியின்ரை தங்கச்சி. ஒரு காம்பு உள்ளுக்கை புதைஞ்சிருந்தது, இனவிருத்திக்குச் சரிவராது. அதுதான்."

"அதையும் நீதான் வளர்த்தனியோ?"

"ஓம். நான்தான் வெட்டுறதுக்கு ஏத்தியும் விட்டனான்."

அவள் குரலில் மாற்றமில்லை. எனக்கு எச்சில் ஊறி வாய் நிறைந்தது, வாந்திக்கு முன் வருகிற தண்ணீர். விழுங்கினேன். பண்ணைக்காரர் பேனையைத் தந்தார். அது கொஞ்சம் ஒட்டியது. கொழுப்பாக இருக்கலாம். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் எழும்பி ஜன்னலைத் திறந்தாள். வெளியிலிருந்து நாற்றம் இன்னும் அதிகமாக வந்தது.

எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டேன். மகள் விரலை வைத்துக் காட்டினாள். விரல் பதிந்த இடத்தில் தாள் எண்ணெய் பட்டு மங்கியது. அந்தப் புள்ளிக்கு மேலேயே எழுதினேன். மை அங்கே பிடிக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தி எழுதினேன்.